இளவேனிலில் இமயம்: பனி வழிவிடும் நேரம் பார்த்து ஒரு மலைப்பயணம்

மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனிதான், இமயத்தில் இடுப்பளவு குவிந்து கிடப்பதும் பனிதான். இந்த ஒற்றைச் சொல் முதல் பயணத்தில் என்னை நன்றாக ஏமாற்றியது. மார்ச் கடைசியில், உத்தராகண்டின் ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்குக் கிளம்பியிருந்தோம். அடிவாரக் கிராமமான சங்க்ரியில் "மேலே கொஞ்சம் பனி இருக்கிறது" என்றார்கள். கொஞ்சம் என்றால் காலணி நனையும், அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நண்பகலுக்குப் பிறகு, ஒஸ்லாவைத் தாண்டி ஒரு மரநிழலில், வலது கால் தொடைவரை உள்ளே போனது. அதை உருவி எடுப்பதற்குள் இடது கால் போனது. இருநூறு மீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளாடைவரை ஈரம். திரும்பிவிட்டோம்.

அடுத்த ஆண்டு மே முதல் வாரத்தில் அதே இடத்தைக் காலை ஏழரை மணிக்குக் கடந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உடம்பு அதே உடம்பு, சுமை அதே சுமை. தேதியும் மணியும்தான் மாறியிருந்தன. இளவேனில் மலைப்பயணத்தின் திட்டம் முழுவதும் இந்த இரண்டைப் பற்றியதுதான். மற்றவை துணைக்கு.

முதல்முறை பனிமலைக்குப் போகிறவர்களுக்கு ஹர் கி தூனையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். அது 3,566 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆற்றை ஒட்டியே ஏறும் பள்ளத்தாக்குப் பாதை. பனி நிற்கும் கணவாய் எதையும் தாண்டவேண்டியதில்லை. பாதி வழிவரை கிராமங்கள் இருக்கின்றன. திரும்பவேண்டும் என்றால் வந்த வழியே திரும்பலாம். புதியவருக்கு இந்தக் கடைசிக் குணம்தான் முக்கியம். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் கணவாய்ப் பயணத்தில் பாதி போன பிறகு திரும்ப மனம் வராது.

உயரம் முதலில், தேதி பிறகு

நாம் வழக்கமாகச் செய்வது தலைகீழ். பள்ளி விடுமுறை எப்போது, அலுவலகத்தில் எத்தனை நாள் விடுப்பு என்று பார்த்து டிக்கெட் எடுத்துவிட்டு, அந்தத் தேதிக்குள் மலையைத் திணிக்கிறோம். மலை திணிந்து கொடுப்பதில்லை. நீங்கள் போகும் தேதியில் எந்த உயரத்தில் பனி நிற்கும் என்று முதலில் கேளுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு பயணம் இருக்கும், அந்தக் கோட்டைத் தொட்டுத் திரும்பும் பயணம் ஒன்று இருக்கும். முதல்முறைக்கு இரண்டாவது போதும். கோட்டுக்கு மேலே வெகுதூரம் போகும் பயணம் வேண்டாம்.

ஹர் கி தூன் இருக்கும் கார்வால் பக்கத்துக்கு, அதாவது உத்தராகண்டின் மேற்குப் பகுதிக்கு, நான் மனதில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது. மார்ச் இறுதியில், நிழல் விழும் சரிவுகளில் 2,700, 2,800 மீட்டரிலேயே பனி தொடங்கிவிடலாம். ஏப்ரல் கடைசியில் அந்தக் கோடு 3,200 பக்கம் ஏறியிருக்கும். மே நடுவில் 3,500க்குக் கீழே ஓடைப் பிளவுகளிலும் பாறை நிழலிலும் மட்டும் திட்டுத்திட்டாகக் கிடக்கும். 4,000 மீட்டரைத் தாண்டிய கணவாய்களில் ஜூனிலும் இருக்கும். இது பஞ்சாங்கம் அல்ல. அங்கே குளிர்காலத்தில் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக்கடல் பக்கமிருந்து நகர்ந்து வரும் புயல் அமைப்புகள்; மேற்கத்திய இடையூறுகள் என்பார்கள். சில ஆண்டுகளில் அவை ஜனவரியில் வஞ்சித்துவிட்டு ஏப்ரலில் வந்து கொட்டும். ஆகவே கணக்கில் இரண்டு, மூன்று வாரம் முன்பின் ஆகலாம். சென்ற ஆண்டு ஒருவர் எடுத்த படத்தைப் பார்த்து இந்த ஆண்டுக்கு நாள் குறிக்காதீர்கள்.

உயரத்துக்கு அடுத்தது சரிவின் முகம். நம் ஊரில் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுவதால் இது நமக்குத் தோன்றுவதே இல்லை. கார்வால் கடகரேகைக்கு வடக்கே, சுமார் 31 டிகிரியில் இருக்கிறது. அங்கே சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வருவதில்லை. நண்பகலில் எப்போதும் தெற்குப் பக்கமாகவே நிற்கிறது. அதனால் தெற்கு பார்த்த சரிவில் புல் முளைத்து ஆடு மேயும்போது, அதற்கு எதிரே வடக்கு பார்த்த சரிவில் முழங்காலளவு பனி கிடக்கும். இரண்டுக்கும் உயரம் ஒன்றுதான், நடுவில் ஓர் ஆறு மட்டும்தான் இருக்கும். வரைபடத்தில் உங்கள் பாதை எந்தெந்த இடத்தில் வடக்கு முகத்துக்குத் திரும்புகிறது, எங்கே அடர்ந்த காட்டுக்குள் நுழைகிறது, எங்கே செங்குத்தான ஓடைப் பிளவைக் கடக்கிறது என்று பென்சிலால் வட்டமிடுங்கள். தொல்லை முழுவதும் அந்த வட்டங்களுக்குள்தான் இருக்கும்.

வானத்திலிருந்து ஒரு பார்வை, ஊரிலிருந்து ஒரு சொல்

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே பனி எங்கே நிற்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் கோப்பர்நிக்கஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு படப்புள்ளி 10 மீட்டர்; ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒரு முறை அதே இடத்தின் புதிய படம் வரும். மேகமும் வெள்ளை, பனியும் வெள்ளை என்று குழம்பினால், குற்றலை அகச்சிவப்பு (SWIR) அலைவரிசை சேர்ந்த வண்ணக் கலவையைத் தேர்ந்தெடுங்கள். அதில் பனி நீலம் கலந்த பச்சையாகத் தெரியும், மேகம் பெரும்பாலும் வெள்ளையாகவே நிற்கும். வாரம் ஒரு படம் சேமித்துவைத்து ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். வெள்ளைக் கோடு மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஒரு வாரத்தில் எவ்வளவு ஏறியது என்பதை வைத்து, நீங்கள் போகும் நாளில் அது எங்கே இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். காட்டுக்குள் மரங்களுக்குக் கீழே கிடக்கும் பனி மட்டும் இந்தப் படத்தில் அகப்படாது.

அதற்குத்தான் தொலைபேசி. சங்க்ரியில் வழிகாட்டிகளும் விடுதிக்காரர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் "பனி அதிகமா?" என்று கேட்காதீர்கள். உங்கள் அதிகம் வேறு, அவர்கள் அதிகம் வேறு. ஜனவரியிலும் விறகு சுமந்து நடக்கிறவர்களுக்கு முழங்காலளவு என்பது கொஞ்சம்தான். "பர்ஃப் கஹான் தக் ஹை?" என்று கேளுங்கள்: பனி எதுவரை இறங்கியிருக்கிறது? இடத்தின் பெயரோடு பதில் வரும். கடைசியாக மேலே போய் வந்தவர் யார், எந்த நாள், எந்த இடத்தில் திரும்பினார், எத்தனை மணிக்குத் திரும்பினார், மரப்பாலங்கள் நிற்கின்றனவா, போனவாரம் புதிதாகப் பொழிந்ததா என்று தொடருங்கள். "ஒன்றும் பிரச்சினை இல்லை, வாருங்கள்" என்று மட்டும் பதில் வந்தால் இன்னொருவருக்கு அழையுங்கள். மூன்று பேரில் இருவர் ஒரே இடத்தின் பெயரைச் சொன்னால் நம்பலாம்.

கடைசி ஐந்து நாட்களில் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் மலை மாநில முன்னறிவிப்பைப் பாருங்கள். மேற்கத்திய இடையூறு என்ற சொல் அதில் இருந்தால் பயணத்தை இரண்டு நாள் தள்ளிவையுங்கள். பனிச்சரிவு அபாயத்துக்குத் தனி அறிவிப்பு உண்டு; சண்டிகரில் இருக்கும் பாதுகாப்புத்துறை ஆய்வு நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடுகிறது. மே மாதம் வந்துவிட்டதே என்று அலட்சியம் கூடாது. 2024 ஜூன் தொடக்கத்தில், அதே உத்தராகண்டில், 4,000 மீட்டருக்கு மேலுள்ள சஹஸ்திர தால் ஏரிக்குப் போன 22 பேர் கொண்ட கர்நாடகக் குழு பனிப்புயலில் சிக்கி, ஒன்பது பேர் இறந்துபோனார்கள். நாட்காட்டியில் கோடைக்காலம்.

நாட்களை அடுக்குவது

டேராடூனிலிருந்து சங்க்ரி சுமார் 190 கிலோமீட்டர். முசோரி, புரோலா, மோரி, நைட்வார் வழியாக ஒரு முழுப் பகல் ஆகும். ரயில் நிலையத்தை ஒட்டிய முசோரி பேருந்து நிலையத்திலிருந்து பஸ்கள் அதிகாலையிலேயே கிளம்பிவிடும். முதல் நாள் இரவு டேராடூனில் தங்கிவிடுவது நல்லது. நைட்வாரில் வனத்துறைச் சோதனைச் சாவடி இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கு கோவிந்த் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் அடையாள அட்டையும் நுழைவுக்கட்டணமும் தேவை. ஏறும் வழியில் பஸ் ஜன்னலில் சிவப்பாகப் பூத்து நிற்கும் மரங்கள் புராஞ்ச் (ரோடோடென்ட்ரான்). அதன் உறவுமரம் நம் நீலகிரிச் சோலைகளிலும் உண்டு. அங்கே அதைப் பார்த்தவர்களுக்கு இங்கே பழைய முகம் பார்த்த மாதிரி இருக்கும்.

சங்க்ரியிலிருந்து தாலுக்கா என்ற ஊர்வரை (வட்டாட்சியர் அலுவலகம் எதுவும் இல்லை, ஊரின் பெயரே அதுதான்) ஜீப் போகும். ஓடைகள் சாலையை அரித்திருந்தால் அதையும் நடக்கவேண்டும். அங்கிருந்து முதல் நாள் கங்காட் தாண்டி ஒஸ்லா பக்கம். இரண்டாம் நாள் மேலே பாதித் தூரம் போய்க் கூடாரம். மூன்றாம் நாள் விடியுமுன் எழுந்து ஹர் கி தூனைப் பார்த்துவிட்டுக் கூடாரத்துக்கே திரும்புதல். நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் இறக்கம். பெரும்பாலோர் இந்த ஐந்தோடு திட்டத்தை முடித்துவிடுகிறார்கள்.

இளவேனிலில் இதோடு இரண்டு நாள் சும்மா சேருங்கள். ஒன்று, மழையோ பனியோ பொழிந்தால் கூடாரத்துக்குள்ளேயே கிடப்பதற்கு. இன்னொன்று, புதிதாகப் பொழிந்த பனி சரிந்து, இறுகி அமர்வதற்கு. புதுப்பனி விழுந்த மறுநாளே செங்குத்தான சரிவுகளுக்குக் கீழே நடப்பது வலியப் போய் மாட்டிக்கொள்வது. தேவைப்படாவிட்டால் அந்த நாட்களை ஒஸ்லாவில் கழியுங்கள். மரத்தில் செதுக்கிய பழைய கோயில், வெயிலில் உட்கார்ந்து கம்பளி நூற்கும் கிழவர்கள், ராஜ்மாவும் ரொட்டியும். எனக்கு அந்தப் பயணத்தில் மிகப் பிடித்த நாள் அப்படிச் சும்மா இருந்த நாள்தான்.

திரும்பும் டிக்கெட்டைக் கடைசி நாளோடு ஒட்டி எடுக்காதீர்கள். விமானம் நாளை என்ற நினைப்பு மலையில் தவறான முடிவுகளை எடுக்கவைக்கும். இரண்டாவதாக ஒரு பயணத்தையும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்: பனி ஒஸ்லாவுக்கு மேலே ஏறவிடாவிட்டால் கிராமங்களுக்கு இடையே மட்டும் நடப்பது என்பதைப் போல. முதல் திட்டம் தோற்ற பிறகு இரண்டாவதை யோசிக்கலாம் என்றால், அப்போது எல்லோரும் நனைந்து, பசித்து, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பனியின் கடிகாரம்

டேராடூனில் பகல் 30 டிகிரி என்றால் 3,500 மீட்டரில் ஏறக்குறைய 11 டிகிரி இருக்கும். ஆயிரம் மீட்டர் ஏற ஏறச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கு. ஆக, பகலில் பனி உருகுகிறது, இரவில் மேற்பரப்பு உறைந்து ஓடு கட்டுகிறது. காலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரைவரை அந்த ஓடு உங்களைத் தாங்கும். காலடியில் அப்பளம் நொறுங்குவது போல மொறுமொறுவென்று கேட்கும். பத்து மணிக்கு மேல் ஓசை மாறும், கணுக்கால்வரை இறங்கும். பதினொன்றுக்கு முழங்கால். நண்பகலுக்குப் பிறகு தொடை. நான் முதல் ஆண்டு மாட்டிக்கொண்டது இந்தக் கடைசி மணியில்தான்.

எனவே பனி உள்ள பகுதியைக் கடக்கும் நாளில் நான்கு மணிக்கு எழுந்து, ஐந்துக்கு நடக்கத் தொடங்கி, பனிமேல் ஏறியும் இறங்கியும் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். சென்னைக்காரர்களுக்கு இது வலிக்கும், கட்டாயம் வலிக்கும். ஆனால் பனியிடம் பேரம் பேச முடியாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இரவு வானம் தெளிவாக இருந்தால்தான் ஓடு கட்டும். தெளிந்த இரவில் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுகிறது. காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் மேற்பரப்பு உறையும். மேகம் மூடிய இரவு கம்பளி போர்த்திய மாதிரி. விடியற்காலையிலும் பனி கஞ்சியாகவே இருக்கும். நள்ளிரவில் எழ நேர்ந்தால் விண்மீன் தெரிகிறதா என்று பாருங்கள். விடிந்ததும் குதிகாலால் பனியை ஓங்கி மிதியுங்கள். தாங்கினால் போகலாம். பொதபொதவென்று உள்வாங்கினால் அன்றைக்கு மேலே போகும் திட்டத்தை விட்டுவிடுங்கள். ஈரப்பனி சரியும் ஆபத்தும் அப்படிப்பட்ட நாட்களில்தான் காலையிலேயே தொடங்கிவிடுகிறது. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரிவரை சாய்ந்த சரிவுகளில் கிளம்புகின்றன. நீங்கள் நிற்கும் இடம் தட்டையாக இருந்தால் போதாது, தலைக்கு மேலே என்ன சாய்ந்து நிற்கிறது என்று பார்க்கவேண்டும்.

ஓடைகளுக்கும் இதே கடிகாரம்தான். பகல் முழுவதும் உருகிய நீர் மாலையில் வந்து சேரும். காலையில் கல்மேல் கால்வைத்துத் தாண்டிய ஓடை மாலை நான்குக்கு இடுப்பளவு பாயும். மாலையில் ஓடையின் இந்தக் கரையில் வந்து நின்றால், அங்கேயே கூடாரம் போட்டுவிட்டு விடியலில் கடப்பதுதான் வழி. கடக்கும்போது பையின் இடுப்புப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழவேண்டும். காலணியோடு, நீர் வரும் திசை பார்த்து நின்று, கோலை முன்னால் ஊன்றிப் பக்கவாட்டில் நகருங்கள். விடியற்காலையில் மரப்பாலங்கள்மேல் கண்ணாடிபோலப் பனிக்கட்டி படிந்திருக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

பனிநாக்கைக் கடப்பது

மே மாதத்தில் பாதை பெரும்பாலும் வெற்று மண்ணாக இருக்கும். திடீரென்று ஓர் ஓடைப் பிளவில், மேலிருந்து சரிந்து வந்த பழைய பனி நாக்கு நீட்டிய மாதிரி ஆறுவரை கிடக்கும். அகலம் இருபது, முப்பது மீட்டர்தான். மேலே மண்ணும் சருகும் ஒடிந்த கிளைகளும் படிந்து அழுக்காக இருப்பதால் தரை என்றே தோன்றும். இளவேனில் பயணத்தில் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். இங்கே நிதானமாக நில்லுங்கள்.

இரண்டாம் முறை எங்களோடு வந்த சங்க்ரி அண்ணன் அப்படி ஒரு நாக்கின் விளிம்பில் மண்டியிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். அடியில் நீர் ஓடும் ஒலி. பிறகு கோலின் கைப்பிடிப் பக்கத்தால் அடிக்கு ஓர் அடி தட்டிக்கொண்டே போனார். முதலில் சட்சட்டென்ற கெட்டி ஒலி. நடுவில் ஓரிடத்தில் பானையைத் தட்டியது போல டொப்பென்றது. அங்கே நின்றார். நான்கு அடி மேலே ஏறி, மறுபடி தட்டி, கெட்டி ஒலி கிடைத்த இடத்தில் குறுக்கே நடந்தார். திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்த டொப்புக்குக் கீழே பனி ஒரு சாண் கனத்தில் கூரையாக மட்டும் நின்றது, அதற்கடியில் ஆளுயரக் குகை, குகைக்குள் ஓடை.

அவர் சொல்லாமல் செய்து காட்டியதைச் சொல்லில் வைத்தால் இவ்வளவுதான். நாக்கின் இரு விளிம்புகளும் மெலிந்திருக்கும். அங்கே தாண்டிக் குதிக்காமல் உறுதியான இடம் தேடுங்கள். பாறையையும் மரத்தண்டையும் ஒட்டிய பனிக்கடியில் பள்ளம் இருக்கும், நன்றாகத் தள்ளியே நடங்கள். நடுவில் குழிந்தோ நிறம் மாறியோ இருந்தால் அடியில் காலி. ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு. அடியெடுத்து வைக்குமுன் ஒரு கேள்வி: வழுக்கினால் எங்கே போய் நிற்பேன்? கீழே புல்வெளி என்றால் சிராய்ப்போடு போகும். கீழே ஆறோ பாறையோ என்றால், சரிவு எவ்வளவு குறுகலாக இருந்தாலும், முறையான பயிற்சி இல்லாமல் கடக்கவேண்டாம்.

ஏறும்போது காலணி முனையால் இரண்டு முறை உதைத்துப் படி செய்யுங்கள். இறங்கும்போது உடலைப் பின்னால் சாய்க்காமல் குதிகாலைப் பதியுங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்தால் கண்டிப்பாக வழுக்கும். முன்னால் போனவரின் தடத்தைக் கலைக்காமல் அதிலேயே கால் வையுங்கள்.

பைக்குள்

காலணிக்கு அடியில் மாட்டும் முள்சங்கிலி சங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். காலணிக்குள் பனி புகாமல் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் உறையும் அப்படியே. முள்சங்கிலி தட்டையான பாதைக்கும் மிதமான சரிவுக்கும்தான். அதை மாட்டிக்கொண்டதும் வரும் வீரம் ஆபத்தானது. பனிக்கோடரியைத் தோளில் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வழுக்கும்போது அதை ஊன்றி நிறுத்தப் பழகாதவர் கையில் அது வெறும் கூரிய இரும்பு. பழகவேண்டும் என்றால் உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் முறையான வகுப்பு இருக்கிறது.

கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடுவரை திருப்பி அனுப்பிவிடும். உயரத்தில் கதிரே வலுவாக இருக்கும். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் நடந்தால் இரவில் கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது போல எரியும். வெயில் தடுப்புக் களிம்பை மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் உட்புறத்திலும் தடவுங்கள், வெயில் அங்கே கீழிருந்து வருகிறது.

பருத்தி உடையை டேராடூனிலேயே விட்டுவிடுங்கள், நனைந்தால் உலராது. உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே காற்றையும் நீரையும் தடுக்கும் சட்டை. காலுறை மூன்று ஜோடி. அதில் ஒன்று தூங்குவதற்கு மட்டும், எந்தக் காரணத்துக்காகவும் அதை மாட்டிக்கொண்டு வெளியே போகக் கூடாது. தூக்கப்பையைப் போலவே அடியில் விரிக்கும் மெத்தையும் முக்கியம். உடல்சூட்டை முதலில் உறிஞ்சுவது தரைதான்.

அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்திலும் ரயிலிலும் கொண்டுபோக முடியாது, டேராடூனில் வாங்குங்கள். தீப்பெட்டியும் விமானத்தில் கூடாது. வெறும் பியூட்டேன் குப்பி பூஜ்யத்தை ஒட்டிய குளிரிலேயே ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்ததைக் கேட்டு வாங்கி, இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் பவர் பேங்கும் நீர் வடிகட்டியும் தூங்கட்டும். நுண்குழாய் வடிகட்டிக்குள் நீர் உறைந்தால் அது பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. பனியை உருக்கிக் குடிநீராக்கலாம் என்று நம்பி எரிவாயுவைக் குறைக்கவேண்டாம். ஒரு கிலோ பனியை உருக்க ஆகும் வெப்பத்தில், அதே அளவு குளிர்நீரை 80 டிகிரிவரை சூடாக்கிவிடலாம். ஓடை கிடைக்கும் இடத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். உருக்கித்தான் ஆகவேண்டும் என்றால் பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், இல்லாவிட்டால் அடி தீயும்.

சாப்பாட்டில் ஒரு சிறு எச்சரிக்கை: இட்லிப்பொடிக்கென்று அம்மா கொடுத்தனுப்பும் எண்ணெய் தேங்காய் எண்ணெயாக இருந்தால் அது கல்லாகிவிடும். நல்லெண்ணெய் தாக்குப்பிடிக்கும்.

உடம்பைத் தயார்செய்ய வெள்ளியங்கிரி நல்ல இடம். பிப்ரவரி முதல் மே வரை ஏற அனுமதி உண்டு. பத்துக் கிலோ பையோடு ஏறி இறங்கிப் பாருங்கள். இறக்கத்தில் முழங்கால் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள், மூச்சு எப்படியும் பழகிவிடும். அங்கே வாங்கும் மூங்கில் கோலை இமயத்துக்குக் கொண்டுபோன நண்பர் ஒருவர் உண்டு. எங்கள் உலோகக் கோல்களில் இரண்டு வளைந்தன, அது வளையவில்லை.

திரும்பும் கோடு

3,000 மீட்டருக்கு மேலே, ஓர் இரவுக்கும் மறு இரவுக்கும் தூங்கும் இடத்தின் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. தலைவலியோடு குமட்டலோ தள்ளாட்டமோ சேர்ந்தால் மருந்து தேடுவதற்கு முன் கீழே இறங்குங்கள்.

திரும்பும் விதிகளைச் சங்க்ரியில், சூடான தேநீர் முன்னால், எல்லோரும் உட்கார்ந்து எழுதுங்கள். எங்கள் தாளில் இருந்தவை: காலை பத்தரைக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம். தொடர்ந்து பத்து அடி முழங்காலளவு இறங்கினால் திரும்புகிறோம். இரவு உறையாவிட்டால் கிளம்புவதில்லை. ஒருவர் வேண்டாம் என்றால் யாரும் போவதில்லை, காரணம் கேட்பதும் இல்லை. மேலே போனபிறகு ஸ்வர்காரோஹிணி சிகரம் எதிரே 6,252 மீட்டர் உயரத்துக்கு நின்று கூப்பிடும்போது இந்த விதிகளை எவராலும் புதிதாக இயற்ற முடியாது.

தாலுக்காவைத் தாண்டினால் அலைபேசி இணைப்பை நம்பாதீர்கள். பாதையும் வரைபடமும் முன்கூட்டியே கைபேசியில் இறக்கியிருக்கட்டும். பனி மூடினால் ஒற்றையடிப் பாதை காணாமல் போய்விடும். வெளிநாட்டிலிருந்து வரும் தமிழர்கள் கவனிக்கவேண்டியது: செயற்கைக்கோள் தொலைபேசியையும், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியையும் இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அங்கே பழகிய கைப்பழக்கத்தில் பைக்குள் போட்டு வந்து விமான நிலையத்திலேயே சிக்கியவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதில், எந்த நாள் எங்கே தூங்குவீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் 112க்குச் சொல்லவேண்டும் என்பதை வீட்டிலும் சங்க்ரி விடுதியிலும் எழுதிக் கொடுங்கள். சும்மா சேர்த்த இரண்டு நாட்களையும் அந்தக் கணக்கில் சேர்த்தே எழுதுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ஒஸ்லாவில் வெயில் காயும்போது ஊரில் அழுகை தொடங்கிவிடும்.

இறங்கி வந்ததும் நனைந்த காலணியை அடுப்பருகே வைக்காதீர்கள். பசை விட்டு அடித்தோல் பிரிந்துவிடும். நாடாவை முழுக்கத் தளர்த்தி, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, இரவில் ஒருமுறை தாளை மாற்றுங்கள். வாடகை முள்சங்கிலியை இரவே கழுவிக் கொடுத்துவிடுங்கள். டேராடூன் பஸ் சங்க்ரியிலிருந்து விடியலில் கிளம்பும்போது கடை திறந்திருக்காது.